எலும்பு கூடிவிட்டதாம், கணக்குத் தீர்ந்துவிட்டதாம்!

கை ஒடிந்த தொழிலாளிக்கு முதலாளிமார் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. "கை போகவில்லையே, ஒடிந்ததோடு விட்டதே, ஆறு வாரத்தில் கூடிவிடும்" என்பதே அது. ஆறு வாரம் கழிகிறது. மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சீட்டு எழுதித் தருகிறார். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எலும்பும் கூடிவிட்டது, நமக்குள் கணக்கும் தீர்ந்துவிட்டது" என்கிறார் மில் மானேஜர். அதையே சொல்கிறார் மிராசுதாரின் காரியக்காரர். மில்லிலும் வயலிலும் ஒரே பாட்டுத்தான்.

இது பச்சைப் பித்தலாட்டம் என்கிறோம் நாம். எலும்பு கூடியதா என்பது வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம். அந்தக் கை முன்போல் உழைத்துச் சம்பாதிக்குமா என்பதே நஷ்ட ஈட்டு விஷயம். சட்டம் கேட்பது இரண்டாவது கேள்வியை. முதலாளிகள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவதுக்கும் சொல்லிவிட்டதாகப் பாவனை செய்கிறார்கள். நம்மவர்களிலும் பலர் அதை நம்பிக் கைநாட்டு வைத்துவிட்டு வருகிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2024ம் வருஷம் பங்குனி மாதம். காவிரி டெல்டாவில் ஒரு கிராமம். சம்பா அறுத்த தரையில் விளைந்த உளுந்தைப் பிடுங்கிக் களத்தில் குவித்திருந்தார்கள். டிராக்டரின் பின்னால் பூட்டிய அடிக்கும் மிஷினுக்குச் செடியை அள்ளிக் கொடுப்பது பெண்கள் வேலை. பதினொரு பேர். மிஷின் மணிக்கணக்கில் வாடகைக்கு வந்தது. ஆகவே "கொடு, கொடு" என்று பின்னால் நின்று விரட்டுகிறார் காரியக்காரர். செடி போகும் வாயிலே கையைத் தடுக்கும் தகரத் தட்டு ஒன்று இருக்க வேண்டும். அன்று அது இல்லை. வேகமாகக் கொடுக்க இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருந்தார்கள். உளுந்துக் கொடி ஒரு அம்மாளின் இடது கையைச் சுற்றி இழுத்தது. கை இரும்பு விளிம்பில் மோதியது. டிரைவர் என்ஜினை நிறுத்துவதற்குள் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுக் கட்டினார்கள். மூன்றாம் நாள் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. அதன் பிறகே சர்க்கார் ஆஸ்பத்திரி. உள்ளே தகடு வைத்து ஆணி அடித்தார்கள். நாலு மாதம் வேலையில்லை. எலும்பு கூடியது உண்மை. ஆனால் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. விரல்கள் பாதிதான் மடங்குகின்றன.

காரியக்காரர் ஐயாயிரம் ரூபாயும் முத்திரைக் காகிதமும் கொண்டு வந்தார்.

"இந்தாம்மா, பெரியவர் மனசு வச்சுக் குடுத்தனுப்பினாரு. ஆஸ்பத்திரிச் செலவும் அவரே பாத்துட்டாரு. இதுல ஒரு கைநாட்டு வச்சுடு."

"ஐயா, இந்தக் கையால நாத்து முடியப் புடிக்க முடியலீங்களே?"

"நடுறது வலது கைதானே? ஒனக்கு ஒடிஞ்சது இடது கை!"

தோழர்களே, இந்தப் பதிலை நாம் பல நாள் யோசித்துப் பார்த்தோம். ஆயுளில் ஒரு நாள்கூட நடவு வயலில் குனிந்திராத ஒரு மனிதனால்தான் இப்படிப் பேச முடியும். நடவு நடும் பெண் நாற்று முடியை இடது கையில் ஏந்தி, கட்டைவிரலால் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்துத் தள்ளுகிறாள். வலது கை அதை வாங்கிச் சேற்றில் ஊன்றுகிறது. இடது கை தள்ளாவிட்டால் வலது கைக்கு ஊன்ற நாற்று ஏது? கதிர் அறுப்பதிலும் அப்படியே. கதிரைச் சேர்த்துப் பிடிப்பது இடது கை, அரிவாள் இழுப்பது வலது கை. வரிசையில் ஒருத்தி பின்தங்கினால் கொத்துக்காரர் மறுநாள் அவளைக் கூப்பிட மாட்டார். எலும்பு கூடியது, பிழைப்பு கூடவில்லை. அந்த அம்மாளுக்கு வயது 45. இன்னும் பதினைந்து, இருபது வருஷம் உழைத்துச் சாப்பிட வேண்டியவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

"விவசாயக் கூலிக்கு ஏது நஷ்ட ஈடு? அது மில்லுக்கு உள்ள சட்டம்" என்று ஒரு வக்கீலே சொன்னாராம். 1923ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை அவர் படிக்கவில்லை போலும். டிராக்டரைக் கொண்டோ, நீராவி, மின்சாரம் முதலான யந்திர சக்தியைக் கொண்டோ நடக்கும் விவசாய வேலையில் ஈடுபட்டவர் அந்த அட்டவணையில் இருக்கிறார். மாடு கட்டிப் போரடித்த காலம் போய் மிஷின் வந்து வெகு காலமாயிற்று. மிஷின் லாபம் வேண்டும், மிஷின் சட்டம் வேண்டாமா?

இந்தச் சட்டம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். இதற்கு முன் அடிபட்டவன் சிவில் கோர்ட்டுக்குப் போய், முதலாளியின் தப்பிதத்தால்தான் அடிபட்டது என்று ருசுப்படுத்த வேண்டும். "ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்?" என்று முதலாளி கேட்டால் வழக்கு அங்கேயே விழும். ஜெர்மனியில் 1884லும் இங்கிலாந்தில் 1897லும் அந்த அநியாயத்துக்கு முடிவு கட்டும் சட்டங்கள் வந்தன. நம் நாட்டில் 1923ல் இயற்றி 1924 ஜூலை 1 முதல் அமுலுக்குக் கொண்டு வந்தார்கள். அப்போதும் முதல் பத்து நாளுக்கு ஒன்றும் கிடையாது என்று வைத்தார்கள். அந்தப் பத்து 1933ல் ஏழாயிற்று, 1959ல் மூன்றாயிற்று. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போனால் நஷ்ட ஈடு உண்டு. 28 நாளோ அதற்கு மேலோ போனால் முதல் நாளிலிருந்தே உண்டு. இந்த ஏழு நாளையும் முதலாளிகள் தானமாகக் கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2020ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. அந்தத் தொகுப்புகளைப் பற்றி நமக்குள்ள சண்டை வேறு. அதை இங்கே இழுக்கவில்லை. வேலையினாலும் வேலையின்போதும் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி பொறுப்பு, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில் நஷ்ட ஈடு, இரண்டு வருஷத்துக்குள் மனு என்ற அடிப்படைகள் அதிலும் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டப்படியே கணக்கு.

இனி, ஒடிந்த கைக்கு வருவோம். சட்டத்தின் முதல் அட்டவணையில் அங்கங்களுக்கு விலைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கை தோள்மூட்டோடு போனால் நூற்றுக்கு 90. மணிக்கட்டோடு போனால் 60. கட்டைவிரல் போனால் 30. மனித உடம்புக்கு இப்படி விகிதம் போடுவது கசாப்புக்கடைக் கணக்காக இருக்கிறதே என்று தோன்றும். தோன்றட்டும், அந்தக் கணக்கையாவது கொடுக்கிறார்களா என்பதே நம் கேள்வி. இந்தப் பட்டியலில் ஒடிந்து கோணலாகக் கூடிய கைக்கு இடமில்லை. "பட்டியலில் இல்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்று கம்பெனி வக்கீல்கள் வாதிப்பது இதை வைத்துத்தான். பொய்! பட்டியலில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் சக்தி நிரந்தரமாக எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதி பெற்ற டாக்டர் மதிப்பிட வேண்டும், அந்த விகிதப்படி பணம் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

உதாரணத்துக்கு அந்த அம்மாளின் கணக்கையே போடுவோம். மாதக் கூலி 9,000 ரூபாய் என்று வையுங்கள். அதில் நூற்றுக்கு 60, அதாவது 5,400. நாற்பத்தைந்து வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கு எண் 169.44. இரண்டையும் பெருக்கினால் 9,14,976 ரூபாய். இது முழு ஊனத்துக்கு உள்ள தொகை. சம்பாதிக்கும் சக்தியில் கால் பங்கு போயிற்று என்று டாக்டர் மதிப்பிட்டுக் கமிஷனரும் ஏற்றுக்கொண்டால், அதில் கால் பங்கு: 2,28,744 ரூபாய். கட்டுப் போட்டுக் கிடந்த காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாதக் கூலியில் கால் பங்கு தர வேண்டியது தனி. இத்தனைக்கும் காரியக்காரர் கொண்டு வந்தது ஐயாயிரம்!

"ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததைக் கழித்துக்கொள்ள வேண்டாமா?" வேண்டாம். வைத்தியத்துக்குக் கொடுத்த பணம் நஷ்ட ஈட்டில் சேராது என்று சட்டமே விளக்கம் எழுதியிருக்கிறது. 2010 ஜனவரியில் அமுலுக்கு வந்த திருத்தப்படி வேலையில் பட்ட காயத்துக்கு ஆன வைத்தியச் செலவை ஈடுசெய்வதும் முதலாளி பொறுப்பாயிற்று.

"அவள் கவனக்குறைவு!" இது அடுத்த கூப்பாடு. முதலாளி தப்பிக்க சட்டத்தில் மூன்றே வழிதான் உண்டு: தொழிலாளி குடிபோதையில் இருந்திருக்க வேண்டும், பாதுகாப்புக்காக இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியிருக்க வேண்டும். காயத்துக்கு அதுவே நேரான காரணமாகவும் இருக்க வேண்டும். சாவும் நிரந்தர முழு ஊனமும் நேர்ந்தால் இந்த வழிகளும் அடைபடும். கவனக்குறைவு என்ற வார்த்தை இந்த மூன்றில் எங்கே இருக்கிறது? ஒன்பது மணி நேரம் தூசியில் நின்றவளுக்குக் கை அசந்து போவது குற்றமா? தகரத் தட்டைக் கழற்றியது யார் என்பதைப் பண்ணைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு தீர்ப்பையும் சொல்லியாக வேண்டும். ஒரிசாவில் ஜெய்ப்பூர் என்ற ஊரில் 1968 ஜூலையில், சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் விழுந்து இடது கையை இழந்தார். இது பகுதி ஊனம்தான் என்று வாதிட்டார் முதலாளி. 1975 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அந்தத் தச்சருக்கு அது முழு ஊனமே என்றது. நஷ்ட ஈட்டுக் கடன் கமிஷனர் உத்தரவு போட்ட நாளில் அல்ல, விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது என்றும் சொன்னது. தச்சனின் இடது கையைப் பற்றிச் சொன்னது நடவுக்காரியின் இடது கைக்கும் பொருந்தும் என்பதே நமது வாதம்.

மில்லில் நடந்தது

மில் தொழிலாளிக்குச் சற்று வேறு பாதை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவர் கமிஷனரிடம் போக முடியாது, ஈ.எஸ்.ஐ.யிலேயே பெற வேண்டும். 1948ம் வருஷத்துச் சட்டத்தின்படி 1955ல் கோயம்புத்தூருக்கு வந்த திட்டம் இது. வேலையில் பட்ட காயமென்றால், சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும், வேலைக்குத் திரும்பும் வரை சராசரிக் கூலியில் நூற்றுக்கு 90. நிரந்தரக் குறை இருந்தால் மெடிக்கல் போர்டு மதிப்பிட்டு மாதா மாதம் பணம், ஆயுள் வரைக்கும்.

அதனால்தான் அந்தக் காயத்தை வேலைக் காயம் அல்ல என்று ஆக்கிவிடப் பார்க்கிறார்கள். கோவை வட்டாரத்தில் ஒரு நூற்பு மில். 2024ல் ஒரு இரவு ஷிப்டில் கார்டிங் மிஷின் பெல்ட்டில் சிக்கிக் காண்டிராக்ட் தொழிலாளி ஒருவரின் வலது முன்கை ஒடிந்தது. மில் வேனிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பில்லை மில்லே கட்டியது. எவ்வளவு நல்ல மனசு என்று தொழிலாளியின் தகப்பனாரே நம்மிடம் புகழ்ந்தார். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்துப் பார்த்தால், "சொந்த வேலையாகப் போகும்போது பைக்கிலிருந்து விழுந்து காயம்" என்று எழுதியிருக்கிறது! சொன்னது தொழிலாளி அல்ல. அவர் வலியில் பிரக்ஞையில்லாமல் கிடந்தார். சொன்னவர் கூட வந்த சூப்பர்வைசர்.

இந்த ஒரு வரிக்கு என்ன விலை தெரியுமா? வேலைக் காயத்துக்கு நூற்றுக்கு 90 என்றோம். பைக்கில் விழுந்தவனுக்குக் கிடைப்பது வெறும் நோய்ச் சம்பளம்: நூற்றுக்கு 70, அதுவும் வருஷத்தில் 91 நாள் வரைதான். ஆயுள் பணம் அடியோடு இல்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு விபத்து அறிக்கை போக வேண்டாம். பெல்ட்டுக்கு மூடி ஏன் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். பில் கட்டியது மனசு நல்லதால் அல்ல, மேற்படி வரியை விலைக்கு வாங்கத்தான்.

அந்தப் பொய் எப்படி உடைந்தது? மில்லின் விரல்ரேகை மிஷினே உடைத்தது. இரவு பத்து மணிக்கு அவர் உள்ளே வந்ததாக அதில் பதிவு. வெளியே போனதாகப் பதிவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரம் இரண்டு நாற்பது. மில்லுக்குள் இருந்தவன் எந்த ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தான்? கூட வேலை செய்த இருவர் எழுத்து மூலம் சாட்சி கொடுத்தார்கள். வேலைக் காயம் என்று ஈ.எஸ்.ஐ. ஆபீஸ் ஒப்புக்கொள்ளப் பதினொரு மாதம் ஆயிற்று. இப்போது அவருக்கு மெடிக்கல் போர்டு பாக்கி.

நம் பக்கத்துத் தப்பிதங்கள்

முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயமாகாது. அடிபட்டவுடன் எலும்பு வைத்தியரிடம் ஓடுகிறோம். அவர் கட்டு நல்ல கட்டாகவே இருக்கலாம். அதைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. ஆனால் அங்கே ஒரு துண்டுக் காகிதம் கிடைக்காது. முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விபத்துப் பதிவேட்டில், எங்கே, எந்த மிஷினில், எத்தனை மணிக்கு என்று சொல்லி எழுதச் செய்யுங்கள். அடிபட்டவர் பேச முடியாவிட்டால் கூடப் போகும் தொழிலாளி சொல்லட்டும். மேஸ்திரி சொல்ல விடாதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு எங்கே வேண்டுமானாலும் கட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.

நமது அம்மாள் விஷயத்தில் முதல் மூன்று நாளுக்குக் காகிதம் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் களத்தில் விபத்தே நடக்கவில்லை" என்று பண்ணை எதிர்மனுப் போட்டிருக்கிறது. விபத்தே நடக்கவில்லையென்றால் ஐயாயிரம் எதற்குக் கொண்டு வந்தார்கள் என்று கேட்டோம், அது தர்மமாம்.

இரண்டாவது தப்பிதம் ராஜி. "ஐயாயிரத்தைப் பத்தாயிரமாக உயர்த்தி வாங்கிக் கொடுத்துவிடுவோம், கோர்ட்டு கச்சேரி என்று எத்தனை நாள் அலைவது?" என்றார் நமது சங்கத்துத் தோழர் ஒருவரே. அவர் கெட்டவர் அல்ல. கணக்குப் போட்டுப் பார்க்காதவர், அவ்வளவுதான். நாமும் பல வருஷம் அப்படித்தான் ராஜி பேசி, பாராட்டும் வாங்கியிருக்கிறோம். இன்று அந்த 2,28,744ஐக் காகிதத்தில் எழுதிப் பார்க்கும்போது, முன்பு எத்தனை பேரின் பணத்தை இப்படித் தொலைத்தோமோ என்று கூசுகிறது.

கைநாட்டு வைத்துவிட்டவர்களும் பயப்பட வேண்டாம். நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது என்று பழைய சட்டத்தின் 17வது பிரிவு சொன்னது. ராஜியானால் அதைக் கமிஷனரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றால் பதிவு செய்ய மறுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கமிஷனர் வேலையைப் பார்த்து வந்தவர் தொழிலாளர் துணை ஆணையர். கெடு வந்த ஒரு மாதத்துக்குள் பணம் தராத முதலாளி நூற்றுக்கு 12 வட்டி கட்ட வேண்டும், தகுந்த காரணமில்லாவிட்டால் பாக்கியில் பாதி வரை அபராதமும் உண்டு என்பதும் அந்தச் சட்டம்தான்.

காண்டிராக்டர் ஆள் என்று மில்காரன் கை விரித்தால் விட்டுவிடாதீர்கள். தன் தொழிலுக்கு உட்பட்ட வேலையைக் காண்டிராக்டில் விட்டாலும் மூல முதலாளியிடமே நஷ்ட ஈடு கேட்கலாம். அவர் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவரின் பாடு.

களத்தில் இருந்த பதினொரு பெண்களில், அடிபட்டவர் போக, நாலு பேர் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். மற்ற ஆறு பேரை நாம் குறை கூற மாட்டோம். பண்ணை வேலையை விட்டால் அந்த ஊரில் அவர்களுக்கு வேறு அடுப்பு எரியாது. சாட்சி சொன்ன நாலு பேருக்கும் அதன் பின் வந்த சம்பாவில் பண்ணை நடவு வேலை கொடுக்கவில்லை. பக்கத்து ஊர்ச் சங்கத்துப் பெண்கள் தங்கள் கொத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

2025ல் மனுப் போட்டோம். பண்ணையின் வக்கீல் மூன்று முறை வாய்தா வாங்கிவிட்டார். மூன்று முறையும் அந்த அம்மாள் முதல் பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு திரும்பினார். நாலாவது வாய்தாவுக்கு டாக்டர் சர்டிபிகேட்டும் எக்ஸ்ரேயும் தயார். சாட்சிகள் நாலு பேரும் கூட வருகிறார்கள். ஐந்து பேருக்கும் பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் சங்கத்தில் வசூலித்து வைத்திருக்கிறோம்.